பிரிந்து போனதாலே வளர்ந்தது!

(தலைப்பு: மேசைக் கணினியில் லினக்ஸ் வளரப் பெரிதும் காரணம், கூடி உழைத்ததா? பிரிந்து போனதா? – "பிரிந்து போனதே" அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிரணியில் ஒற்றுமையாக உட்கார்ந்திருப்பதுபோல் நடிக்கின்ற நண்பர்களே! வீட்டில் கோபித்துக்கொண்டு வந்து இங்கே சிரித்துக்கொண்டிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால பேசின அம்மா, "ஊர் கூடித்தான்யா தேர் இழுக்கணும்"னு சொல்லி கைதட்டல் வாங்கிட்டுப் போயிட்டாங்க. நானும்தான் தட்டினேன். ஆனா அம்மா, தேர் எந்தத் தெருவுல போகணும்னு தகராறு வந்தா என்ன செய்வீங்க? லினக்ஸ் கதை அந்தத் தெருமுனையிலதான் ஆரம்பிக்குது.

இயங்குதளம் என்றால் என்ன? வீட்டுல அம்மா மாதிரி. யாருக்கு எப்ப சாப்பாடு, யாருக்கு எந்த இடம், எல்லாத்தையும் பார்க்கிறது அவங்க. பேர் வாங்கிட்டுப் போறது மத்தவங்க! (சிரிப்பு) இதுல விலைக்கு வாங்குகிற இயங்குதளம் வாடகை வீடு. குடியிருக்கலாம், சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. கட்டற்ற இயங்குதளமோ வரைபடத்தோடு கையில் தருகிற வீடு. இடிக்கலாம், கட்டலாம். பிடிக்கலைன்னா அதே வரைபடத்தை எடுத்துட்டுப் போய் எதிர்த்தாப்புல இன்னொரு வீடு கட்டலாம். அதை லைசென்ஸிலேயே எழுதிக் கொடுத்திருக்கான். தனிக்குடித்தனம் போறதுக்கு மாமியாரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குடும்பம் உலகத்துல இது ஒண்ணுதான்! (கைதட்டல்)

1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் "க்னூ" திட்டத்தை அறிவித்தார். கருவிகள் எல்லாம் தயார். நடுவிலே கருவாக இருக்க வேண்டியது மட்டும் தயாராகவில்லை. 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் கருவை எழுதினார். அடுத்த வருஷமே க்னூவின் பொது உரிமத்தின் கீழ் விட்டார். "பாத்தீங்களா, ரெண்டும் கூடிச்சு"ன்னு எதிரணி சொல்லுவாங்க. சரி, ஒத்துக்கிறேன். ஆனா அது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. நம்ம தலைப்பு மேசைக் கணினி. சுட்டியைப் பிடித்துச் சொடுக்குகிற சாதாரண ஆளுக்கு அது எப்போ வந்தது?

1996 அக்டோபர். ஜெர்மனியில் டியூபிங்கன் மாணவர் மத்தியாஸ் எட்ரிஷ். ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு மாதிரி முகம் காட்டுதே, எல்லாத்துக்கும் ஒரே முகம் வேணாமா என்று கேட்டு, "கேடிஈ" என்ற திட்டத்தை ஆரம்பித்தார். அழகான வீடு. ஆனால் அஸ்திவாரம்? டிரோல்டெக் என்ற நார்வே கம்பெனியின் "கியூட்டி". அதைப் பயன்படுத்தலாம், மாற்றி நாலு பேருக்குக் கொடுக்கிற உரிமை கிடையாது. வீடு நம்ம வீடு, மனை அடுத்தவன் மனை!

"நல்லாத்தானே இருக்கு, அனுசரிச்சுப் போங்கப்பா" என்று பலர் சொன்னார்கள். எதிரணியும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. மெக்ஸிகோவைச் சேர்ந்த மிகெல் டி இகாசாவும் ஃபெடெரிகோ மேனாவும் கேட்கவில்லை. நாங்க அந்த வீட்டுக்கு வரலைன்னுட்டாங்க. 1997 ஆகஸ்டில் "க்னோம்" என்று தனியாகத் தொடங்கினார்கள். அஸ்திவாரத்துக்கு, பெர்க்லி மாணவர்கள் இருவர் ஒரு படம் வரையும் மென்பொருளுக்காகச் செய்து வைத்திருந்த ஜிடிகே. முழுக்கக் கட்டற்றது.

இப்ப நடுவர் ஐயா, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். எதிர்த்தாப்புல ஒரு வீடு எழும்புது. இந்தப் பக்கம் மனைக்காரருக்கு நெருக்கடி. 1998-ல் உரிமத்தை மாற்றுவதாக அறிவித்தார்கள். அதுவும் போதவில்லை என்று பேச்சு. 2000-ல் கியூட்டி அதே பொது உரிமத்துக்குக் கீழே வந்தது. விலகிப் போனவன் தனக்கு மட்டுமா வீடு கட்டினான்? போக மாட்டேன்னு சொன்ன வீட்டுக்கும் சேர்த்துல்ல பட்டா வாங்கிக் கொடுத்துட்டான்! (பலத்த கைதட்டல்)

அடுத்து 2004. திரையில் படம் காட்டுகிற அடிப்படை மென்பொருள் ஒன்று, எக்ஸ்ஃப்ரீ86 என்று பெயர். பிப்ரவரியில் உரிமத்தில் புதிதாக ஒரு நிபந்தனை சேர்த்தார்கள்: எங்க பேரைச் சொல்லணும். பொது உரிமத்தோடு அது பொருந்தாது என்றார் ஸ்டால்மன் தரப்பார். ஏப்ரலுக்குள்ளே, நிபந்தனைக்கு முந்தைய நிரலை வைத்து "எக்ஸ்.ஆர்க்" வந்துவிட்டது. விநியோகக்காரர்கள் ஒவ்வொருவராக அங்கே போய்விட்டார்கள். பழைய வீட்டில் பெயர்ப்பலகை மட்டும் இருக்கு. குடும்பம் பூரா எதிர்வீட்டுல சாப்பிடுது!

அதே 2004 அக்டோபரில் உபுண்டு. 1993-லிருந்து இருக்கிற டெபியன் என்கிற பெரிய வீட்டிலிருந்து வந்தது. டெபியன் 2002 ஜூலையில் ஒரு பதிப்பு விட்டார்கள். அடுத்தது 2005 ஜூன். பெரிய வீட்டுக் கல்யாணம் மாதிரி, எல்லாரும் சரின்னாத்தான் தேதி குறிப்பாங்க. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மார்க் ஷட்டில்வொர்த், ஆறு மாசத்துக்கு ஒண்ணு விடறேன்னார். விட்டார். குறுந்தகடு கேட்டவர்களுக்குத் தபால் செலவும் வாங்காமல் 2011 வரைக்கும் அனுப்பினார்கள். ஆனா தாய்வீட்டுச் சீர் நிக்கலை. இன்னிக்கும் உபுண்டு சமைக்கிறது டெபியன் அரிசியிலதான். நம்ம சென்னை சி-டாக் செய்த "பாஸ்" லினக்ஸும் அதே அரிசிதான். அவங்க யார்கிட்டயும் அனுமதி கேட்டு நிக்க வேண்டியிருக்கலை.

2011-ல் க்னோம் மூன்றாம் பதிப்பு வந்து, பழகிய முகத்தையே மாற்றிவிட்டது. உபுண்டுவும் "யூனிட்டி" என்று தன் வழியே போனது. பேரைப் பாருங்க! ஒற்றுமைன்னு பேரு வச்சுக்கிட்டுத்தான் தனியாப் போனான்! (சிரிப்பு) பழசே போதும் என்றவர்கள், க்னோம் இரண்டின் நிரலை எடுத்து "மாட்டே" என்று தொடர்ந்தார்கள். லினக்ஸ் மின்ட்காரர்கள் மூன்றாம் பதிப்பின் மேலேயே பழைய அமைப்பில் "சின்னமன்" செய்தார்கள்.

"2017-ல் உபுண்டு யூனிட்டியை விட்டுட்டு க்னோமுக்கே திரும்பலையா?" என்று எதிரணி ஐயா கேட்டார். திரும்பிச்சு. ஆனா ஆறு வருஷம் தனியா இருந்த பையன் தன் கட்டிலையும் தூக்கிட்டு வந்துட்டான். இடது ஓரத்தில் அந்த நீளப் பட்டை, இன்னும் இருக்கா இல்லையா?

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. உழைப்பு சிதறுது. ஒரு மென்பொருள் செய்கிறவன் பத்து வீட்டுக்குப் பத்து விதமாப் பொட்டலம் கட்ட வேண்டியிருக்கு. மேசைக் கணினிகளில் லினக்ஸின் பங்கு இன்னமும் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். மறுக்கலை. ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்க. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு நின்றது. நன்றாக ஓடுகிற எத்தனையோ கணினிகள், 11-க்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவை. அந்த வீட்டுல குடியிருந்தவங்களால, "நாங்களே பழைய 10-ஐப் பார்த்துக்கிறோம், வரைபடத்தைக் கொடுங்க"ன்னு கேட்க முடிஞ்சதா? கேட்டாத்தான் கிடைக்குமா? க்னோம் இரண்டு கைவிடப்பட்டபோது கேட்கவே வேண்டியிருக்கவில்லையே ஐயா! எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களே! வெளியே போக வாசல் இருந்தாத்தான், உள்ளே இருக்கிற பெரியவர் கொஞ்சம் பணிவாப் பேசுவார்.

மணி அடிக்கிறீங்க. முடிச்சுக்கிறேன். அடுத்து வர்ற எதிரணி நண்பர் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு ஆரம்பிக்கட்டும். 1997-ல மெக்ஸிகோவுல அந்த ரெண்டு பேரும் "சரி, போகட்டும்"னு அனுசரிச்சுப் போயிருந்தா, கியூட்டியோட பூட்டை யாரு எதுக்காகத் திறந்திருப்பா?