கலங்கிய நீரும் ஒரு பாடம்



புதிதாக வைத்த மீன்தொட்டியில் சில நாள்களிலேயே நீர் பால் கலந்ததுபோல் வெளுக்கும். உடனே நீர் முழுவதையும் கொட்டி, கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் குழாய்நீரில் தேய்த்துக் கழுவுவார்கள். நீர் தெளியும்; மீன்கள் சாகும்.

காரணம் இதுதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் நச்சுள்ள அம்மோனியா உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நச்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கற்களிலும் பஞ்சிலும் வாழ்கின்றன. அவை போதிய அளவு பெருகப் பல வாரங்கள் ஆகும். குழாய்நீரின் குளோரின் அவற்றைக் கொல்லும். மீனின் செவுளையும் புண்ணாக்கும்.

என் மாணவர்களுக்கு நான் சொல்வது: இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே தீனி போடுங்கள். குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைத்த நீரால் கால் பங்கை மட்டும் மாற்றுங்கள். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். வெண்கலங்கல் பெரும்பாலும் தானே தெளியும். நீர் பச்சையானால் அது பாசி. வெயில் படாமல் தொட்டியை நகர்த்துங்கள்.

"எல்லாவற்றையும் கழுவிவிடலாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "கண்ணுக்குத் தெரியாமல் அங்கே வேலை செய்பவர்கள் யார்?" என்று திருப்பிக் கேளுங்கள். நைட்ரஜன் சுழற்சியை அங்கிருந்தே தொடங்கலாம்.