முதல் தலைவர் ஒரு நிலக்கரி வியாபாரி

ஜூலை முதல் தேதி வந்தால் ரோட்டரி சங்கங்களில் தலைவர் மாறுவார். ஒரு வருஷம்தான் பதவி.

ரோட்டரியை 1905-ல் சிகாகோவில் தொடங்கியவர் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர். ஆனால் முதல் தலைவர் அவர் இல்லை. அவருடைய நண்பர், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீல். தொடங்கியவரே நாற்காலியை இன்னொருவருக்கு விட்டார். எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி இது.

அன்றைக்குக் கூட்டம் ஒரே இடத்தில் நடக்காது. இந்த முறை ஒருவர் அலுவலகம். அடுத்த முறை இன்னொருவர் அலுவலகம். அப்படிச் சுற்றி வந்ததால்தான் ரோட்டரி என்ற பெயரே வந்தது. சம்பந்தம் பேசப் போனால் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறோமே, இப்படி அலுவலகம் அலுவலகமாகப் போவதும் அதுபோலத்தான். வேலை செய்கிற இடத்தில் ஆள் தெரிந்துவிடும்.

உங்கள் ஊரிலும் புதுத் தலைவர் வந்திருப்பார். சால்வை போட்டாயிற்றா? ஒருநாள் அவர் கடைக்கும் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.