தளையும் புரதமும்

 

பத்தாம் ஆண்டு விழாவில், தமிழ் கற்பிக்கும் நான் உயிரியல் மென்பொருள்களைப் பற்றிப் பேசப் புகுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயின், அம்மென்பொருள்களுள் பல இன்றும் நம்பியிருக்கும் ஓர் அளவுகோல் தமிழகத்தில் பிறந்தது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் அதனை வெளியிட்டனர். 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகம் அதனை வழங்குகிறது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் தொடுத்த சங்கிலி. ஒவ்வோர் அமிலத்தின் இருபுறமும் சங்கிலி திரும்புதற்கு இரண்டு கோணங்கள் உண்டு. எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுவோடு அணு மோதும், எதில் மோதாது என்று அவர்கள் கணக்கிட்டனர். கட்டத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்டது, சிறுபகுதியே இசைவானது. பக்கக்கிளையாக ஒரே ஓர் ஐதரசன் அணுவைக் கொண்ட கிளைசினுக்கு உரிமை மிகுதி. வளையத்தில் கட்டுண்ட புரோலினுக்கு உரிமை குறைவு.

இவ்வவையினர்க்கு இது புதிய சிந்தனையன்று. வெண்பாவில் மாச்சீரின் பின் நிரையசை வரவேண்டும். விளத்தின் பின்னும் காயின் பின்னும் நேரசை வரவேண்டும். சீரும் சீரும் சந்திக்கும் இடத்தில் எது ஆகும், எது ஆகாது என்பதே தளை. இதனால் யாப்பிலக்கணம் கண்டவர்கள் புரதத்தையும் கண்டார்கள் என்று நான் பெருமை பேசவில்லை. அப்பேச்சு இரு துறைக்கும் இழுக்கு. நான் சொல்ல வந்தது வேறு.

புரதத்தின் வடிவத்தைக் கணினியால் முன்னுரைத்த பணிக்கு 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவ்வாறு கணித்த வடிவங்களையும் இராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுப் பார்க்கிறார்கள். அதில் தவறிய வடிவம் ஐயத்திற்குரியது. ஆனால் தேறியதனாலேயே ஒரு வடிவம் மெய்யாகிவிடாது. ஆய்வுக்கூடமே அதற்குச் சான்று தரவேண்டும்.

நமக்கும் இன்று யாப்பை அலகிட்டுக் காட்டும் 'அவலோகிதம்' என்ற மென்பொருள் உண்டு. தளை தட்டும் இடத்தை அது காட்டும். இளங்கவிஞர் அதனால் பயனடையட்டும். ஆயின் தளை தட்டாத வெண்பாவெல்லாம் கவிதையன்று. கருவி விலக்க வேண்டியதை விலக்கித் தரும். எஞ்சிய வெளியில் உயிரைக் காண்பது நம் கடன். அக்கடனைக் கருவியிடம் ஒப்படைத்துவிட வேண்டாம் என்பதே இவ்வவைக்கு என் விண்ணப்பம்.