சுட்டியும் விரலும்



தோட்டத்து லயமானாலும் சரி, தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமான் வீடானாலும் சரி, இன்று கைப்பேசி இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. பிள்ளையின் பள்ளிச் செய்தி, மின்கட்டணம், உதவித் தொகை விண்ணப்பம் எல்லாம் அந்தச் சிறு கண்ணாடித் திரையின் வழியாகவே வருகின்றன. நம்மில் பலர் வீட்டில் மேசைக் கணினி இருந்ததே இல்லை. நேராகக் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தோம். ஆனால், நாம் பார்க்கும் இணையப் பக்கங்களில் பல, கணினியின்முன் அமர்ந்திருப்பவரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. அதனால் விளையும் ஒரு சங்கடத்தையும், அதை நீக்கும் வழியையும் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, எனக்குத் தெரிந்த ஒரு செம்பனைத் தோட்டக் குடும்பத்தில் நடந்தது இது. மகள் எஸ்.பி.எம். தேர்வை நன்றாக எழுதியிருந்தாள். மேற்படிப்புக்கு உதவி கேட்டு, தந்தையின் கைப்பேசியிலேயே விண்ணப்பத்தை நிரப்பினாள். குடும்ப வருமானம் என்ற கட்டத்தில் தந்தையின் சம்பளத்தை மட்டும் எழுதினாள். தாயாரும் தோட்ட வேலைக்குப் போகிறவர். இருவர் சம்பளத்தையும் கூட்டி எழுதி, இருவரின் சம்பளச் சீட்டையும் சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும். விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று பதில் வந்தபோது, இறுதி நாள் கடந்து போயிருந்தது.

“அவதான் சார், சரியாப் படிச்சுப் பார்க்காம அனுப்பிட்டா” என்றார் தாயார். மகள் ஒன்றும் பேசாமல் தலைகுனிந்து நின்றாள்.

நான் வீட்டுக்கு வந்து, அதே பக்கத்தைக் கணினியில் திறந்து பார்த்தேன். அந்தக் கட்டத்தின் அருகே சிறிய கேள்விக்குறி ஒன்று இருந்தது. சுட்டியின் அம்பை அதன்மேல் கொண்டு போனதும், தாய் தந்தை இருவர் வருமானத்தையும் எழுத வேண்டும், இரண்டு சம்பளச் சீட்டும் தேவை என்று ஒரு பெட்டி விரிந்தது. பிறகு கைப்பேசியில் அதே கேள்விக்குறியைத் தொட்டேன். மறுபடியும் தொட்டேன். ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் படிக்காமல் விடவில்லை, நேயர்களே. படிக்க வேண்டியது அவள் கண்ணுக்கே வரவில்லை!

இது எப்படி நேர்ந்தது?

சுட்டி, அதாவது ‘மௌஸ்’ என்று நாம் சொல்லும் கருவியை உருவாக்கியவர் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்கர். 1964 ஆம் ஆண்டு வாக்கில் செய்யப்பட்ட முதல் சுட்டி ஒரு மரப்பெட்டி. அடியில் இரண்டு சக்கரங்கள். 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் அவர் அதைப் பலர்முன் இயக்கிக் காட்டினார். கையால் இதை நகர்த்தினால் திரையில் ஓர் அம்பு நகரும். பொத்தானை அழுத்தினால்தான் காரியம் நடக்கும். அழுத்தாமல் ஒரு பொருளின்மேல் அம்பை நிறுத்தி வைக்கவும் முடியும். இப்படி அம்பு மேலே நிற்பதைத்தான் ‘ஹோவர்’ என்கிறார்கள்.

ரப்பர் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. விடியுமுன் மரத்தடிக்குப் போகும்போது நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவோம் அல்லவா? முதலில் வெளிச்சம் பட்டையின்மேல் விழும். நேற்று வெட்டிய கோடு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அதன் பிறகே கத்தி படும். அம்பு மேலே நிற்பது விளக்கு வெளிச்சம் போன்றது. பொத்தானை அழுத்துவது கத்தி. தொடுதிரையில் விளக்கு கிடையாது. விரல் பட்டால் கத்தி பட்டது போலத்தான். கனடா நாட்டு ஆய்வாளர் பில் பக்ஸ்டன் 1990 இல் எழுதிய ஒரு கட்டுரையில், இத்தகைய கருவிகளின் நிலைகளை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். சுட்டிக்கு மேலே நகர்வது, அழுத்துவது என்ற நிலைகள் உண்டு. விரலுக்கோ, தொட்டது, தொடாதது என்ற இரண்டுதான்.

1998 இல் வெளியான சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பு, பக்கங்களின் தோற்றத்தை அமைக்கும் மொழி. அதிலேயே ஹோவருக்கு இடம் இருந்தது. அம்பு பட்டால் நிறம் மாறும், பட்டியல் கீழே விரியும், விளக்கப் பெட்டி தோன்றும் என்று பக்கம் கட்டுவோர் பழகிவிட்டார்கள். 2007 இல் ஐபோன் வந்தது. விரல் ஆட்சிக்கு வந்தது. பழைய பக்கங்களைப் பயன்படுத்த இயலும்படி கைப்பேசிகள் ஒரு சமாளிப்பைச் செய்தன. ஐபோனில் இத்தகைய பட்டியலை முதல் முறை தொட்டால், அம்பு வந்து நின்றது போலப் பாவித்துப் பட்டியலை விரிக்கும். இரண்டாம் முறை தொட்டால்தான் உள்ளே போகும். வேறு இடங்களில் முதல் தொடுதலிலேயே நேராக அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். விரலை எடுத்த பிறகும் மாறிய நிறம் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. இதைப் பார்க்கும் நம் பெரியவர்கள், “போன் கெட்டுப் போச்சு” என்கிறார்கள். போன் கெடவில்லை. பக்கத்தைக் கட்டிய முறையில்தான் குறை.

நம் பிள்ளைகளில் பலர் இன்று கணினித் துறையில் படிக்கிறார்கள். இணையப் பக்கம் கட்டும் வேலைக்கும் போகிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அவசியமான செய்தியை ஹோவருக்குள் மறைக்காதீர்கள். விண்ணப்பக் கட்டத்தின் கீழேயே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். ஹோவர் அழகுக்கு இருக்கலாம், அறிவிப்புக்கு ஆகாது.

இரண்டாவது, விரிய வேண்டியது தொட்டால் விரியட்டும், மறுபடி தொட்டால் மூடட்டும். பட்டியலை விரிக்கும் பொத்தான் வேறு, அடுத்த பக்கத்துக்கு அழைத்துப் போகும் இணைப்பு வேறு என்று பிரித்து வையுங்கள்.

மூன்றாவது, கருவியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ‘மீடியா குவெரி’ என்னும் வசதியில், முதன்மைக் கருவிக்கு ஹோவர் செய்ய இயலுமா என்று கேட்கலாம். ஆம் என்றால் மட்டும் நிற மாற்றம் போன்றவற்றைச் சேர்க்கலாம். திரை சிறியதாக இருந்தால் கைப்பேசி, பெரியதாக இருந்தால் கணினி என்று ஊகிப்பது தவறு. பெரிய தட்டைக் கணினிக்கும் விரல்தான். சில மடிக்கணினிகளில் சுட்டியும் உண்டு, தொடுதிரையும் உண்டு. ஆகவே, தொட்டாலும் வேலை செய்யும்படி முதலில் கட்டிவிட்டு, ஹோவரைப் பிறகு சேர்ப்பதே நல்ல முறை.

நான்காவது, விரலுக்குப் போதிய இடம் கொடுங்கள். அம்பின் முனை ஊசி. விரலின் முனை அப்படியா? அதிலும் வேலை செய்து தடித்த விரல்! ஆப்பிள் நிறுவனம் 44 புள்ளி அகல உயரம் வேண்டும் என்கிறது. கூகிள் 48 அலகு என்கிறது. அது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். 2023 இல் வெளியான அனைத்துலக அணுகல் நெறிமுறை, குறைந்தது 24 பிக்சலாவது இருக்க வேண்டும் என்கிறது. சில விலக்குகளும் அதில் உண்டு.

ஐந்தாவது, கண் தெரியாதவரும், கை நடுக்கம் உள்ளவரும் சுட்டி இல்லாமல் விசைப்பலகையாலேயே பக்கத்தில் நகர்வதுண்டு. அவர்களுக்கும் அதே விளக்கம் கிடைக்க வேண்டும். விரலுக்காகச் செய்யும் திருத்தங்களில் பல அவர்களுக்கும் உதவும்.

இனி, பக்கத்தைக் கட்டாமல் பயன்படுத்த மட்டும் செய்கிற நமக்கு மூன்று யோசனைகள்.

கேள்விக்குறியோ, வட்டத்துக்குள் ஓர் எழுத்தோ தென்பட்டு, தொட்டும் ஒன்றும் வராவிட்டால், அங்கே ஏதோ மறைந்திருக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நூலகத்திலோ பள்ளியிலோ சுட்டி உள்ள கணினியில் ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். இறுதி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

தவறான பொத்தானின்மேல் விரல் பட்டுவிட்டதா? பதறி விரலை எடுக்காதீர்கள். பட்ட விரலை அப்படியே வேறு பக்கம் இழுத்துப் பிறகு எடுங்கள். நன்றாகக் கட்டிய பக்கங்களில் விரலை எடுக்கும்போதுதான் காரியம் நடக்கும், இழுத்துவிட்டால் நடக்காது.

மூன்றாவது, பணம் சம்பந்தப்பட்டது. கணினியில் ஓர் இணைப்பின்மேல் அம்பை வைத்தால், அது எந்த விலாசத்துக்குப் போகிறது என்பது பொதுவாகத் திரையின் அடியில் தெரியும். கைப்பேசியில் அது தெரிவதில்லை. மோசடிக்காரர்களுக்கு அது வசதி. இணையப் பக்கத்தில் உள்ள இணைப்பைச் சட்டென்று தொடாமல், சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் விலாசம் தோன்றும். வங்கியின் பெயரைச் சொல்லிவிட்டு விலாசம் வேறாக இருந்தால், அதைத் திறக்காதீர்கள்.

மறுநாள் மாலை நான் அந்த வீட்டுக்கு மீண்டும் போனேன். நடந்ததைச் சொல்லி, கணினியில் வந்த பெட்டியைப் படம் பிடித்து வைத்திருந்ததைக் காட்டினேன். தாயார் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு, “வா, வந்து சாப்பிடு” என்று மகளை அழைத்தார். அன்றிரவே நாங்கள் மூவரும் சேர்ந்து அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். அந்த ஆண்டு வாய்ப்பு திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு அவள் மறுபடியும் விண்ணப்பித்தாள். இம்முறை அந்த விளக்கம் கட்டத்தின் கீழேயே, எவரும் படிக்கும்படி அச்சாகி இருந்தது.

ஆகவே, நேயர்களே, கைப்பேசியில் ஒன்று நடக்காமல் போனால், “எனக்குத்தான் தெரியவில்லை” என்று உடனே தலைகுனிய வேண்டாம். எங்கே தடை என்று கேளுங்கள்; உரியவருக்கு எழுதுங்கள். பக்கம் கட்டுகிற பிள்ளைகளே, கட்டி முடித்ததும் உங்கள் தாயாரின் கையில் கைப்பேசியைக் கொடுத்துப் பாருங்கள். அவர் விரலுக்குத் திறக்காத கதவு, இன்னும் முழுமையாகக் கட்டப்படாத கதவு.