மன்னாருக்கு ஒரு நாள் வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது?

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விழாக்குழு என்னிடம் ஒப்படைத்தது சின்னக் காரியம். கணவன்மாரோடு வந்திருக்கும் பழைய மாணவிகளுக்கு நாளை ஒரு நாள் மன்னாரைச் சுற்றிக் காட்ட வேண்டும், அதற்கு ஒரு ஒழுங்கு போட்டுப் பத்து நிமிடம் பேசும் என்றார்கள். வைத்தியரிடம் ஏன் இந்த வேலை என்று கேட்டேன். "நீர்தானே ஊரில் நிற்கிறீர்" என்று பதில் வந்தது.

பட்டியல் போடுவது கஷ்டமாக இருக்கவில்லை. கீரிக் கடற்கரையில் தொடங்கலாம். பள்ளிமுனையில் பெருக்கமரம் நிற்கிறது. அதன் அடியைச் சுற்றி அளந்தால் 19 மீற்றருக்கு மேல் வரும். போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை இருக்கிறது. தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம். பெருநிலப் பக்கம் போனால் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம். வங்காலைச் சரணாலயத்தில் இந்த நாட்களில் இன்னும் பூநாரைகள் நிற்கும். கழுதைகளுக்கு ஒழுங்கு போடத் தேவையில்லை, அவை தாமாகவே வீதிக்கு வந்து நிற்கும்.

தலைமன்னார் இறங்குதுறையில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நேரம் வைத்திருக்கிறேன். 1914இல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் தொடங்கியது. 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1984இல் அதுவும் நின்றது. எங்கள் அம்மாமாரில் பலர் கூறைச்சேலை வாங்கக் கப்பலேறிய இடம் அது. 2015இல் ரயில் திரும்பவும் வந்துவிட்டது, கப்பல்தான் வரவில்லை. அங்கே நின்று மேற்கே பார்ப்பதற்கு அரை மணி நேரமாவது வேண்டும்.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டுப் பார்த்தேன். கோட்டை கட்டியவர், கப்பல் விட்டவர், வெளியிலிருந்து வரும் பறவை, வெளியிலிருந்து வந்த மரம் எல்லாம் இருந்தன. இந்தத் தீவில் எங்கே நின்று பார்த்தாலும் கண்ணில் படுகிற பனை இல்லை. பனையில் ஏறுகிற மனிதரும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் கணவரும் மெல்பேர்ன் போயிருந்தோம். என்னோடு இங்கே படித்த ஒருத்தியும் அவளுடைய கணவரும் எங்களை மோர்னிங்டன் தீபகற்பத்துக்குக் கூட்டிப்போனார்கள். நகரத்திலிருந்து ஒன்றேகால் மணி நேர ஓட்டம். ஒரு பக்கம் குடா, மறுபக்கம் பெருங்கடல், நடுவே மேட்டு நிலம் முழுவதும் திராட்சைத் தோட்டம். கடற்காற்றின் குளிர்ச்சிதான் அந்தப் பழத்துக்குக் குணம் கொடுக்கிறதாம். 1859இல் கட்டிய வெளிச்சவீட்டைப் பார்த்தோம். ஆதர்ஸ் சீற் என்ற மலைக்குக் கம்பிவண்டியில் ஏறிக் குடா முழுவதையும் பார்த்தோம். பிறகு ஒரு தோட்டத்தில் இருந்து வைன் ருசி பார்த்தோம். வாகனம் ஓட்டிய அவளுடைய கணவர் வாயை நனைத்ததோடு சரி. அங்கே சட்டம் இறுக்கம்.

எனக்குப் புதினமாக இருந்தது வைன் அல்ல. கிளாசில் ஊற்றித் தந்த பெண் முதலில் பேசியது தன் தகப்பனைப் பற்றி. அவர் எந்த ஆண்டு கொடி நட்டார், எந்த ஆண்டு மழை கெடுத்தது, அவருடைய கை எப்படிக் காய்த்திருந்தது என்றெல்லாம் சொன்னாள். சுவரில் அவருடைய படம், மண்வெட்டியோடு. அந்த மண்வெட்டிப் படத்தைப் பார்க்கவும் சேர்த்துத்தான் நாங்கள் காசு கொடுத்திருந்தோம்.

அப்போது என் தோழி ஆங்கிலத்தில் அந்தப் பெண்ணுக்குச் சொன்னாள்: "என் அப்பாவும் இந்தத் தொழில்தான் செய்தவர். மரத்தில் ஏறி."

அவளுடைய கணவர் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் எனக்கு விளங்கிவிட்டது. கலியாணம் முடித்துப் பதினைந்து வருடம், அவருக்கு அது தெரியாது.

இந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் படித்த அத்தனை வருடமும் தகப்பன் தொழில் என்ற இடத்தில் 'கமம்' என்றுதான் எழுதினாள். பரிசளிப்பு விழாவுக்கு அவர் வந்தால் படலைக்கு வெளியே நிற்பார். நெஞ்சிலும் கையிலும் மரம் உரசிய காய்ப்பு இருக்கும், சேட்டுப் போட்டாலும் கை தெரியும் அல்லவா. இதை இங்கே சொல்லச் சொன்னவள் அவள்தான். "பெயர் மட்டும் வேண்டாம், அதை நானே சொல்லிக்கொள்கிறேன்" என்றாள்.

அவள் ஒருத்தி மட்டுமல்ல என்பது இந்த மண்டபத்தில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். இந்தக் கரையில் மீனும் பனையும்தான் பிள்ளைகளைப் படிப்பித்தன. மீன்பிடியைப் பற்றி மேடையில் பேசுவோம், கடலோடிகளின் பிள்ளைகள் என்று பெருமையும் சொல்வோம். பனையைப் பற்றிப் பேசும்போது பனங்கட்டி, ஒடியல், பனாட்டு, ஓலைப்பெட்டி வரை வருவோம், கள்ளுக்கு முன்னால் நிறுத்திவிடுவோம். பூசையில் திராட்சை இரசத்துக்கு முன்னால் முழந்தாளிடுகிற நாங்கள், எங்கள் மண்ணின் இரசத்தை இறக்குகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் யோசிக்கிறோம். காரணம் குடிப்பழக்கம் என்று சொல்லிக்கொள்கிறோம். அது சாதி என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் கள்ளுக்கு விளம்பரம் செய்ய வரவில்லை. குடியால் ஈரல் கெட்டவர்களையும், குடித்தவனிடம் அடிவாங்கி வந்த மனைவிமாரையும் நான் விடுதியில் பார்க்கிறவள். கள்ளில் மதுசாரம் நூற்றுக்கு நாலைந்து பங்குதான், வைனில் பன்னிரண்டு பதின்மூன்று. ஆனாலும் நாள் முழுக்கத் தவறணையில் இருந்தால் எதுவும் நஞ்சுதான். கசிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான் விடுதியில் பார்க்கிற இன்னொருவரும் உண்டு. மரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிற சீவல் தொழிலாளி. ஒரு கணக்குச் சொல்கிறேன். பனை 20 மீற்றர் என்று வையுங்கள். பத்து மரம் வைத்திருப்பவர் காலையும் மாலையும் ஏறினால், நாளுக்கு 400 மீற்றர். நாங்கள் கம்பிவண்டியில் ஏறிய அந்த மலை ஏறத்தாழ 300 மீற்றர்தான். இவருக்குத் துணை காலில் ஒரு தளைநார், இடுப்பில் பாளைக்கத்தி.

ஏன் ஒவ்வொரு நாளும் ஏற வேண்டும்? பாளையைத் தினமும் மெல்லியதாகச் சீவிவிடாவிட்டால் ஊறல் நின்றுவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் காற்றிலுள்ள மதுவம் சேர்ந்து சில மணி நேரத்தில் கள்ளு. அடுத்த நாள் அது புளித்து வினாகிரிப் பக்கம் போய்விடும். வைனைப் பீப்பாவில் வைத்து வருடக்கணக்கில் காக்கலாம், கப்பலில் ஏற்றலாம். போத்தலில் அடைத்த கள்ளும் இப்போது வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கிறதுதான். ஆனால் அதைச் சூடாக்கித்தான் அடைக்க வேண்டும், ருசி வேறு. மரத்தடி ருசி வேண்டுமென்றால் மரத்தடிக்குத்தான் வர வேண்டும். ஒரு ஊரைத் தேடி ஆட்கள் வருவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வருகிற கணவனும் மனைவியும் எங்கே இருப்பது? தவறணைக்குள் ஒரு பெண் போய் இருக்க முடியாது. என்னையே போய் இருக்கச் சொன்னால் நானும் மாட்டேன். அதனால் அதை நான் ஒழுங்கில் சேர்க்கவில்லை.

சேர்த்தது இதுதான். கீரிப் பக்கம் இன்றும் தொழில் செய்கிற அண்ணன் தம்பி இருவரோடு பேசியிருக்கிறேன். நாளைக் காலை அவர்கள் மரத்தால் இறங்கும்போது நாங்கள் அடியில் நிற்போம். பிளாவில் கருப்பநீர் தருவார்கள். அதற்குரிய காசைச் சங்கம் கொடுக்கும், அவர்கள் நேரத்துக்கும் சேர்த்து. படம் எடுக்க விரும்பினால் முதலில் கேளுங்கள், பெயரையும் கேளுங்கள். மூத்தவர் பாளை சீவுகிற விதத்தைச் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். "படிச்ச பிள்ளைகள் இதை ஏன் கேட்கினம்?" என்று மட்டும் ஒரு சந்தேகம் அவருக்கு.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை மரமேறுகிறவர்களுக்கான பாதுகாப்புப் பட்டிக்கும் விபத்துக் காப்புறுதிக்கும் ஒதுக்குங்கள். பட்டியைச் சும்மா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகாமல், எது ஏறுவதற்கு இடைஞ்சல் இல்லாதது என்று அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். பேருக்குக் கொடுத்த பட்டி கொடியில் தொங்கும்.

நாளை பேருந்து காலை ஐந்தேமுக்காலுக்குப் பாடசாலை வாசலிலிருந்து புறப்படும். வெயில் ஏறினால் கருப்பநீரின் ருசி மாறிவிடும், ஆகவே காத்திருக்க மாட்டோம். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு வாய்தான், பிளாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வேண்டாம். இன்னும் ஆறு இடம் இருக்கிறது, பெயர் கொடுக்காதவர்கள் என்னிடம் கொடுங்கள்.