கணினிக்குள் ஒரு காணிப் பங்கீடு



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே காணி பங்கிடுவோர் முதலில் வினவுவது, எத்தனை பரப்பு என்பதையே. பதினாறு பரப்புச் சேர்ந்தது ஓர் ஏக்கர். அளவு துணிந்த பின்னரே எல்லை. எல்லை துணிந்த பின்னரே வேலி. பெரிய சேவையகக் கணினியின் நினைவகத்தைப் பங்கிடுவோருக்கும் இம்முறையே உரியது.

ஒரே இயந்திரத்தைப் பல கணினிகள்போல இயங்கச் செய்யும் முறை 1960களிலே ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாயிற்று. இன்று வங்கியொன்றோ பல்கலைக்கழகமொன்றோ தன் பல்வேறு பணிகளுக்கென ஒரே இயந்திரத்துள் மெய்நிகர்ப் பிரிவுகள் பலவற்றை வகுத்துக்கொள்ளலாம். அந்நிறுவனத்தின் பவர் வகைச் சேவையகங்களிலே நினைவகம் துண்டம் துண்டமாகவே வழங்கப்படும். முன்னைய இயந்திரங்களிலே துண்டத்தின் அளவை 16 மெகாபைட்டு முதல் 256 மெகாபைட்டு வரை வைக்க முடிந்தது. ஆனால் இயந்திரம் முழுவதற்கும் அளவு ஒன்றே. அரைத் துண்டம் என்பது எப்பிரிவுக்கும் இல்லை.

1,100 மெகாபைட்டு வேண்டும் பிரிவொன்றைக் கருதுவோம். துண்டம் 256 ஆயின் ஐந்து வழங்கவேண்டும்; 1,280 ஆகி, 180 தேவைக்கு மேலாக அங்கே முடங்கும். துண்டம் 16 ஆயின் 69 போதும், மிச்சம் நான்கே.

அங்ஙனமாயின் சிறு துண்டமே என்றும் நன்றோ? அன்று. 32 கிகாபைட்டு நினைவகத்தில் 256இன் துண்டங்கள் 128 மட்டுமே. 16இன் துண்டங்களோ 2,048. எது எவருக்குரியது என்று குறித்துவைக்கும் தோம்பு பெருகும். ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு நினைவகத்தை மாற்றும் வேலையும் நீளும். காணியைச் சிறிது சிறிதாகத் துண்டாடினால் வேலிகளே நிலத்தை விழுங்குவதை இஃது ஒக்கும்.

ஆதலின், சிறு பிரிவுகள் பலவாயின் துண்டம் சிறிதாதல் வேண்டும். பெரும் பிரிவுகள் சிலவாயின் பெரிதாதல் தகும். பிரிவொன்றை ஓட்டம் நிறுத்தாமலே வேறோர் இயந்திரத்துக்குப் பெயர்க்கக் கருதினால், இரண்டிலும் துண்டத்தின் அளவு ஒன்றாயிருத்தல் இன்றியமையாதது. வரகு விதைப்பளவையும் நெல் விதைப்பளவையும் ஒன்றெனக் கொண்டு எழுதிய உறுதி, வழக்கிலன்றோ முடியும்!

அளவைப் பின்னர் மாற்றவும் இயலும். ஆயின் அதற்கு இயந்திரம் முழுவதையும் நிறுத்தி மீண்டும் தொடக்கவேண்டும். தவறு ஒரு பிரிவைச் சார்ந்ததாயினும், அவ்வேளையிலே எல்லாப் பிரிவுகளின் பணியும் நின்றுவிடும். வேலி கட்டிய பின்னர் அளவுகோலைத் தேடுவோன் அயலவர் அனைவரையும் வருத்துவான். அறிந்தோர் கோலை முதலிற் கையிலெடுப்பர். கதியாலைப் பின்னரே நடுவர்.