ஒரே நாளில் 11 நாடுகள்
(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் நிறைய. அங்கே போகும்போது பேரக்குழந்தைகளோடு ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டுக்கும் போகிறீர்கள். அதன் எப்காட் பூங்காவில், ஓர் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் உள்ளன. 1982-இல் திறந்தபோது 9. மொராக்கோ 1984-இலும் நார்வே 1988-இலும் சேர்ந்தன. இந்தியா கிடையாது.

சுற்றி முடித்ததும், "தாத்தா, நான் ஜப்பான் பார்த்துட்டேன்" என்று குழந்தை சொல்லும். பார்த்தது ஜப்பான்தானா?

வங்கியில் வேலை பார்த்தவன் நான். பணம் யாருடையது என்றுதான் முதலில் பார்ப்பேன். மொராக்கோ அரங்கில் அந்நாட்டு அரசே பங்கேற்றது. மன்னர் இரண்டாம் ஹசன் தம் நாட்டுக் கைவினைஞர்களை அனுப்பி, சுவர்களில் ஓடு பதிக்கும் வேலையைச் செய்வித்தார். அதனால் அந்த வேலைப்பாடு அசல். ஜப்பான் அரங்கில் பெரிய கடையை நடத்துவது, 1673-இல் தொடங்கிய மிட்சுகோஷி நிறுவனம். அங்கே கடைதான் பிரதானம். நார்வேயில் வைக்கிங் வீரர்களையும் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையையும் காட்டிய படகுச் சவாரி ஒன்று இருந்தது. 2014-இல் அதை மூடி, 2016-இல் 'ஃபுரோசன்' படக் கதையை வைத்தார்கள். அந்தக் கதை நடக்கும் ஆரெண்டெல் கற்பனை ராஜ்யம். வரிசை என்னவோ நீண்டது. நார்வே சுருங்கியது.

ஈபெல் கோபுரம் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதெல்லாம் பெரிய குறையில்லை. பழைய கோபுரம், சாப்பாடு, கடை, இவ்வளவுதான் ஒரு நாடு என்று குழந்தை நினைத்துவிடுவதுதான் குறை. அங்கேயும் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் உண்டு, பரீட்சைக்குப் பயப்படும் பிள்ளைகள் உண்டு என்பது அரங்கில் தெரியாது.

ஆனால் ஒன்று மட்டும் அங்கே நிஜம்: மனிதர்கள். பல அரங்குகளில் அந்தந்த நாட்டு இளைஞர்களே, அதிகபட்சம் 15 மாத விசாவில் வந்து வேலை செய்கிறார்கள். சட்டையில் குத்திய பெயர் அட்டையில் சொந்த ஊரும் இருக்கும். கூட்டம் குறைவான நேரத்தில், "உங்கள் ஊரில் காலையில் என்ன சாப்பிடுவீர்கள்? பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போனீர்கள்?" என்று குழந்தையைக் கேட்கச் சொல்லுங்கள். கொடுத்த நுழைவுக் கட்டணத்துக்கு அதுதான் வட்டி.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. வரும் ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் மாநில அரங்குகள் வைக்கப் போகிறார்கள். தெர்மாகோலில் ஹௌரா பாலம் செய்வது சுலபம். நம் வாசலில் நிற்கும் காவலாளிகள் ஒடிசாக்காரர்கள், அசாம்காரர்கள். 'சி' பிளாக்கில் வங்காளக் குடும்பம் இருக்கிறது. அரங்கில் என்ன வைக்கலாம் என்று முதலில் அவர்களைக் கேட்போம். அவர்களை வேஷம் கட்டி நிறுத்த வேண்டாம். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசட்டும். அந்த நேரத்துக்குக் காவலாளிகளின் சம்பளத்தில் பிடித்தம் கூடாது. செயற்குழு இதைத் தீர்மானமாக ஏற்க வேண்டுகிறேன்.